வேன் வந்தால் வில்

எனக்கும் என் புருஷனுக்கும் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி, பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவின் வாய் வழியாகத்தான் நடந்தன.

"உன் வீட்டுக்காரரு சொல்லச் சொன்னாரு, மீன் கொழம்புல உப்பு கரிக்குதாம்" என்று அவள் காலையில் என்னிடம் சொல்வாள். "கரிச்சா கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக்கிறதுதானே, கையில என்ன புண்ணா?" என்று நான் எகிறுவேன். ராத்திரி அவர் வேலை முடிந்து வந்ததும் அதை என் குரலிலேயே, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் காட்டுவாள். அவர் ஒரு பதில் சொல்வார். அது மறுநாள் காலையில் எனக்கு வரும். ஒரு சண்டை சூடேறி ஆறுவதற்குள் வாரமே முடிந்துவிடும். எதற்காக ஆரம்பித்தோம் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் மறந்துபோகும். முத்தம்மா அக்கா மட்டும் மறக்க மாட்டாள்.

நான் நவமணி. அவர் பேர் சீனி. பேருக்கேற்ற மாதிரி ஆளும் இனிப்புதான், ஆனால் அந்த இனிப்பை ருசிக்க எனக்கு நேரம் வேண்டாமா? கல்யாணம் ஆன எட்டாவது மாதம் எங்கள் கம்பிப்பாலத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். அங்கே ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்த, எங்கள் பேச்சில் மரம் வெட்டிக்கொண்டிருந்த, நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம். அவருக்கு ஈப்போ – தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. விடியுமுன்னே கிளம்பினால் ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு. எனக்கு ரப்பர் சிலிப்பர் செய்கிற கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். தோட்டத்தில் ரப்பர் பால், டவுனில் ரப்பர் சிலிப்பர். ரப்பர் என்னை விடுவதாக இல்லை.

சாயங்காலம் கம்பெனி லாரி வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும். காலையில் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். அவர் தலையணையில் தலை வைக்கிற நேரத்தில் நான் சிலிப்பருக்கு வார் மாட்டிக்கொண்டிருப்பேன். நான் வந்து படுக்கும்போது அந்தத் தலையணையில் அவருடைய தேங்காயெண்ணெய் வாசம் மட்டும் இருக்கும். எனக்கு எப்போதாவது லீவு கிடைத்தால், அன்றைக்கென்று பார்த்து அவருக்கு ஓவர்டைம் வரும். இல்லையென்றால் யாராவது சொந்தக்காரர் கல்யாணம் வரும்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். சாதாரண ஒரு நாள் ராத்திரியில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட வேண்டும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அழுகையாக இருந்தது.

அவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், மத்தியானம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே பேசுவார், நான் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு திரும்பித் திரும்பிப் பேசுவேன். தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே ஈப்போக்காரர்களுக்கு அந்தப் பெரிய மனநல ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். அதனால் பஸ்ஸில் எனக்கு ஏகப்பட்ட அனுதாபம். பலகாரக் கூடையோடு வரும் ஒரு மலாய்க்கார மாக்சிக், அத்தை வயசுக்காரி, "சியாப்பா சாக்கித், நாக்?" என்று, யாருக்கு உடம்பு சரியில்லை என்று, ரகசியமாகக் கேட்டுவிட்டு ஒரு வாழைப்பழப் பலகாரத்தை என் கையில் வைத்து அழுத்தினாள். நான் கண்டக்டரைக் காட்டி, "லாக்கி சாயா" என்றேன். என் புருஷன் என்று சொன்னதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ, அவரைப் பரிதாபமாகப் பார்த்து அவருக்கும் ஒரு பலகாரம் கொடுத்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம், அந்த பஸ்ஸில்தான் அவர் எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னார்.

"மணி, டவுன்ல புது ஹோட்டல் கட்டியிருக்கான்ல, அங்க ரூம் கிளீன் பண்ண ஆள் எடுக்கிறானாம். பகல் வேலை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம்."

"நெசமாவா?"

"நெசந்தான். ஆனா இங்கிலீஷ் பேசணுமாம்லா. மேனேஜரு ஹாங்காங்லேர்ந்து வந்திருக்காரு. மலாய் ஒரு வார்த்தை தெரியாதாம்."

அவருக்கே தெரிந்த இங்கிலீஷ், 'மூவ் இன்சைட் ப்ளீஸ்', 'நோ ஸ்மோக்கிங்' ரெண்டும்தான். எனக்கு அதுவும் கிடையாது. இருந்தாலும் மறுநாளே மாதாகோயில் மண்டபத்தில் போய் நின்றேன்.

அங்கே செவ்வாயும் வியாழனும் சாயங்காலத்தில் கெர்ட்ரூட் மிஸ் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். என்னைவிடச் சின்ன வயசு. கான்வென்டில் படித்துவிட்டு டீச்சர் டிரெய்னிங்குக்குக் காத்திருந்த பெண். நாங்கள் ஒரு டஜன் பேர், அத்தனை பேரும் ஏ, பி, சி, டிக்கே மூச்சு வாங்குகிற ஆட்கள். மிஸ் எடுத்த எடுப்பிலேயே எதிர்காலத்தைத்தான் ஆரம்பித்தார். "வேலை தேடுறவங்களுக்கு முடிஞ்சுபோனதா முக்கியம்? வரப்போறதுதான் முக்கியம். இறந்தகாலத்த அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எங்களுக்கு மண்டையில் ஏறுகிற மாதிரி ஒரு சூத்திரமும் கண்டுபிடித்தார்.

"தமிழ்ல கடைசில 'வேன்' வந்தா இங்கிலீஷ்ல 'வில்' போடுங்க. வருவேன், ஐ வில் கம். செய்வேன், ஐ வில் டூ. வேன் வந்தா வில். அவ்வளவுதான்."

மார்க்கெட்டில் கறிகாய் விற்கும் பத்துமலை அண்ணன் கையைத் தூக்கினார். "வேன் வந்தா ஏறிப் போயிருவோமே மிஸ், வில்லு எதுக்கு?"

"சரி, 'எடுப்பேன்' எப்படி மிஸ்? அதுல வேன் இல்லியே, பேன்தானே இருக்கு?" என்றேன் நான்.

"பேனுக்கும் வில்லுதான் அக்கா."

"பேனுக்கு வில்லு எதுக்குலா, சீப்பு போதாதா?" என்றார் பத்துமலை அண்ணன். அன்றைக்கு அதோடு பாடம் முடிந்தது. மிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்கும் மிஸ்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. வகுப்பு முடிந்து கிளம்பும்போது 'ஐ ஆம் கோயிங்' என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டோம். போறேன் என்றார். ஒருத்தருக்கும் மனசு ஒப்பவில்லை. வாசலில் நின்றுகொண்டு 'போறேன்' என்று எவனாவது சொல்லுவானா? போனவன் போனவனாகவே போய்விட்டால்? எங்களுக்கு வேண்டியது 'போயிட்டு வாரேன்'.

"எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவோம் அக்கா" என்று மிஸ் ஒத்துக்கொண்டார். "ஆனா இங்கிலீஷ்காரன் போறேன்னுதான் சொல்லுவான்."

"அதான் அவன் நாட்டவிட்டே போயிட்டான்" என்றார் பத்துமலை அண்ணன்.

கடைசியில் நாங்களே ஒரு வாக்கியம் செய்தோம். ஐ வில் கோ அண்ட் கம். அன்று முதல் ஒவ்வொருத்தராக மிஸ்ஸுக்கு முன்னால் நின்று, "ஐ வில் கோ அண்ட் கம், மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினோம். மிஸ்ஸும் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு, "ஆல்ரைட், கோ அண்ட் கம்" என்று விட்டுவிட்டார்.

பஸ்தான் எனக்குப் பள்ளிக்கூடம் ஆனது. "டுநைட் யூ வில் ஈட் ஃபிஷ்" என்பேன். "ஓகேலா" என்பார் அவர். "டுமாரோ யூ வில் ஈட் ஃபிஷ்" என்பேன். "நாளைக்குமா?" என்று அலறுவார். மொத்த பஸ்ஸும் சிரிக்கும். மாக்சிக்கும் எதிர்காலத்தில் தேர்ச்சி அடைந்து, "ஐ வில் கிவ் பனானா" என்று சொல்லிக்கொண்டே பலகாரம் கொடுக்கத் தொடங்கினாள்.

இன்டர்வியூ ஒரு வியாழக்கிழமை மத்தியானம். முத்தம்மா அக்காவின் நைலக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் பேர் மிஸ்டர் லாவ். ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டிருந்தார். ஏர்கான் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"வாட் வில் யூ டூ ஹியர்?" என்று கேட்டார்.

அப்பாடா என்று இருந்தது. மிஸ் வகுப்பில் கேட்ட அதே கேள்வி. "ஐ வில் கிளீன் த ரூம், சார். ஐ வில் சேஞ்ச் த பெட்ஷீட். ஐ வில் வாஷ் த டாய்லெட்" என்று மூச்சு விடாமல் சொன்னேன். அதோடு நிறுத்தச் சொல்லி மிஸ் அடித்து அடித்துச் சொல்லியிருந்தார். என் வாய் நிற்கவில்லை. "ஐ வில் நாட் ஸ்டீல், சார்" என்றும் சேர்த்தேன். திருட மாட்டேன் என்பதைச் சொல்லிவைப்பது நல்லதுதானே?

மிஸ்டர் லாவ் சிரித்துவிட்டார். "குட், குட். அண்ட் பிஃபோர்? வாட் ஒர்க்?"

பிஃபோர் என்றால் முன்னே. ஒர்க் என்றால் வேலை. முன்னே என்ன வேலை செய்தாய் என்று கேட்கிறார். தோட்டத்து வேலையா? அதைச் சொல்ல எனக்கு யாராவது கற்றுத்தர வேண்டுமா? மனசுக்குள் தமிழில் அடுக்கிக்கொண்டேன். காலையில் நாலு மணிக்கு எழும்புவேன். தோட்டத்துக்குப் போவேன். மரம் வெட்டுவேன். பத்து மணிக்குப் பால் எடுப்பேன். எல்லாம் வேன். ஒரே ஒரு பேன். ஒன்றுக்கும் வில் போட மறக்கக் கூடாது என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"ஃபோர் ஓ'க்ளாக் ஐ வில் வேக்கப், சார். ஐ வில் கோ எஸ்டேட். ஐ வில் கட் ட்ரீ."

அவர் பேனாவை நிறுத்தினார். "கட் ட்ரீ?"

"யெஸ் சார். மெனி ட்ரீ. டென் ஓ'க்ளாக் ஐ வில் டேக் மில்க்."

"மில்க்? யூ ஹேவ் கௌ?"

"நோ கௌ, சார். மில்க், ட்ரீ."

மிஸ்டர் லாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். என் இங்கிலீஷைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

"எவ்ரி டே?" என்றார் மெதுவாக.

"எவ்ரி டே, சார்." எல்லா நாளும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். மழை பெய்தால் தோட்டத்தில் வேலை கிடையாது, வெட்டுகிற பட்டையில் தண்ணீர் இறங்கினால் பால் கெட்டுப்போகும். திருட மாட்டேன் என்று சொன்ன வாயால் பொய் சொல்லலாமா? "ரெய்ன் வில் கம், ஐ வில் நாட் ஒர்க்" என்றும் சொல்லிவைத்தேன்.

அவர் ஏதோ எழுதினார். எழுந்து நின்றார். "தேங்க் யூ. வி வில் லெட் யூ நோ."

நோ. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் என் காதில் சுருக்கென்று ஏறியது. நோ என்றால் இல்லை. இத்தனை அழகாகப் பேசியும் இல்லையா? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவருடைய சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் போலிருந்தது. ஆனாலும் ஒருத்தர் முன்னாலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போகிற வளர்ப்பு இல்லை எனக்கு. வாசலில் திரும்பி நின்று, விறைப்பாக, "ஐ வில் கோ அண்ட் கம், சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கம்? வென்?"

எப்போ வருவாயாம்! போயிட்டு வாரேன் என்று சொல்கிறவளிடம் யாராவது எப்போ என்று கேட்பார்களா? இல்லை என்று சொன்னதும் போதாமல் கிண்டல் வேறு செய்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"டுமாரோ!" என்றேன். "எய்ட் ஓ'க்ளாக்! ஐ வில் கம்!"

கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

நேரே மாதாகோயில் மண்டபத்துக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வகுப்பே என்னைச் சுற்றி நின்றது. அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் மிஸ்ஸிடம் ஒப்பித்தேன். கேட்கக் கேட்க மிஸ்ஸின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, தப்பு உங்க மேல இல்ல. என் சூத்திரத்து மேல. நீங்க தோட்டத்துல அப்ப செஞ்சதச் சொன்னீங்க. தமிழ்ல அதுக்கும் வேன்தான் வருது. அப்பல்லாம் நாலு மணிக்கு எழும்புவேன், மரம் வெட்டுவேன்னுதானே சொல்லுவோம்? நான் சொன்ன மாதிரியே நீங்க வில் போட்டுட்டீங்க. அவரு காதுல எப்படி விழுந்திருக்கும் தெரியுமா? இனிமே தெனமும் நாலு மணிக்கு எழும்பிக் கோடாலிய எடுத்துக்கிட்டு மரம் வெட்டப் போறேன், மரத்துல பால் கறக்கப் போறேன், மழை பேஞ்சா வேலைக்கு வர மாட்டேன்."

பத்துமலை அண்ணன் முதலில் வெடித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். இந்தக் கதையின் ஆரம்பத்தையே பாருங்களேன். முத்தம்மா அக்கா சொல்வாள், நான் எகிறுவேன், அவள் மறக்க மாட்டாள். நடந்து முடிந்த கதை முழுக்க வேனும் வாளும்தான். தமிழில் பழசும் புதுசும் ஒரே செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் நான் என்ன செய்வேன்?

"சரி மிஸ், அவரு நோன்னு சொன்னது?"

"அது அந்த நோ இல்ல அக்கா. தெரியப்படுத்துறோம்னு அர்த்தம்."

"அப்ப வில் போட்டுச் சொல்லியிருக்காரு. கூப்பிடுவாருதானே?"

மிஸ் தயங்கினார். "பெரிய எடத்துல சொல்ற வில்லு கொஞ்சம் வேற மாதிரி அக்கா. ஆனா நீங்க சொன்னது வேற. எட்டு மணிக்கு வருவேன்னு வாக்குக் குடுத்திருக்கீங்க. போய் நில்லுங்க."

அதன் பிறகு மிஸ் அடுத்த மாதப் பாடத்தை அன்றைக்கே பிரித்து, கரும்பலகையில் எழுதினார். பிஃபோர், ஐ டேப்ட் ரப்பர். முன்னே நான் ரப்பர் மரம் வெட்டினேன் என்று அர்த்தம். வகுப்பு மொத்தமும் எனக்காகச் சேர்ந்து கத்தியது. மண்டபத்துக்கு வெளியே போன சைக்கிள்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் முத்தம்மா அக்காவிடம் சொல்லி, என் வீட்டுக்காரரிடம் சொல்லச் சொல்லிவிட்டு லாரி ஏறினேன். அன்று ராத்திரி முழுக்கச் சிலிப்பருக்கு வார் மாட்டிக்கொண்டே, டேப்ட், டேப்ட் என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

விடிய விடிய மழை. ஈப்போ மழை என்றால் சும்மா இல்லை, மலை முழுக்க இறங்கி வந்து ரோட்டில் நிற்கிற மழை. லாரி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்து, நைலக்ஸ் சேலை மாற்றிப் போகலாம் என்று நினைத்திருந்ததெல்லாம் மண்ணாகிவிட்டது. புந்தோங் சந்தியில் இறங்கினால், அந்தக் கொட்டுகிற மழையில் முத்தம்மா அக்கா குடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போனா நேரமாயிரும், இப்படியே போ" என்று குடையை என் கையில் திணித்தாள். "உன் வீட்டுக்காரரு சொல்லச் சொன்னாரு. வில் சொன்னா போய்த்தான் ஆகணுமாம். போயிட்டு வரச் சொன்னாரு."

அக்கா அதை அவர் குரலிலேயே சொன்னாள். அந்தக் குரலை நேரில் கேட்க வேண்டும் என்றுதானே இத்தனை பாடும்? குடையை விரித்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் காற்று குடையைத் திருப்பிப் போட்டது. அதை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு மீதி வழியை நனைந்துகொண்டே நடந்தேன்.

ஹோட்டலுக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் எட்டு அடித்தது. மழையால் வேலையாட்கள் யாரும் வந்து சேரவில்லை. மிஸ்டர் லாவ் மட்டும் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"ரெய்ன்" என்று வெளியே விரலைக் காட்டினார். "யூ செட், ரெய்ன், யூ வில் நாட் ஒர்க்."

ராத்திரி முழுக்க உருப்போட்ட டேப்ட் எங்கே போனதோ தெரியவில்லை. தலை காலியாக இருந்தது. மழையில் அதுவும் கரைந்துவிட்டது போலிருக்கிறது. கையில் மிச்சம் இருந்தது பழைய வில் ஒன்றுதான்.

"எஸ்டேட், ரெய்ன் வில் கம், ஐ வில் நாட் கம்" என்றேன். பல் தந்தியடித்தது. "எஸ்டேட் ஃபினிஷ், சார். சோல்ட். ஹோட்டல், ரெய்ன் வில் கம், ஐ வில் கம்!"

அவர் பார்வை கீழே இறங்கியது. நானும் குனிந்து பார்த்தேன். பளபளவென்றிருந்த மார்பிள் தரையில் என் சேலையிலிருந்து சொட்டிய தண்ணீர் குளமாகப் பரவிக்கொண்டிருந்தது. என் உயிரே போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். மூலையில் ஒரு மாப்பு சாத்தியிருந்தது.

"ஐ வில் கிளீன், சார்" என்று ஓடிப்போய் அதை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். நான் துடைக்கத் துடைக்க என் மேலிருந்து புதுசாகச் சொட்டியது. பின்னாலேயே நடந்து நடந்து துடைத்தேன். தலையை நிமிர்த்தவே பயமாக இருந்தது.

"யெஸ்" என்ற குரல் கேட்டது. "யூ வில்."

நிமிர்ந்தேன். மிஸ்டர் லாவ் சிரித்துக்கொண்டிருந்தார். "மண்டே. செவன் ஓ'க்ளாக். யூ வில் கம்?"

"ஐ வில் கம், சார்! ரெய்ன், நோ ரெய்ன், ஐ வில் கம்!"

அவர் போகத் திரும்பியவர், மனசு கேட்காமல் நின்றார். "அண்ட் த மில்க்?"

ரப்பர் பாலுக்கு மிஸ் சொல்லித்தந்த லேடெக்ஸ் என்ற வார்த்தையும் மறந்துபோயிருந்தது, தினமும் வாயில் புழங்குகிற ரப்பர்கூட அந்த நேரம் நாக்கில் வரவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, என் காலில் இருந்த சிலிப்பரைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். மேனேஜருக்குச் செருப்பைத் தூக்கிக் காட்டி வேலை வாங்கியவள் இந்த ஈப்போவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"திஸ், சார். திஸ் மில்க்."

அவர் சிலிப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆ! ரப்பர்!" என்று கத்தினார். அவருக்கு வந்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மீன் குழம்பு வைத்தேன். உப்பை மட்டும் மூன்று தரம் ருசி பார்த்தேன். எட்டரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து, விளக்கு வெளிச்சத்தில் என்னைப் பார்த்துவிட்டு, வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டவர் போல அப்படியே நின்றார். எதிரெதிரே உட்கார்ந்தோம். சோறு போட்டேன். அவர் சாப்பிட்டார், நான் சாப்பிட்டேன். ரெண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் பேசிய வாய், சொந்த வீட்டில் வெட்கப்பட்டது.

முத்தம்மா அக்கா வழக்கம்போல உள்ளே வந்தாள். "தம்பி, உன் பொண்டாட்டி சொல்லச் சொன்னா..." என்று ஆரம்பித்தவள், என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பாவம், வேலை போன ஆள் போல நின்றாள்.

"அக்கா, நவமணிகிட்ட சொல்லிருங்க" என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல். "கொழம்புல உப்பு சரியா இருக்கு."

"அவருகிட்ட சொல்லுங்கக்கா" என்றேன் நான். "நாளைக்கும் நான்தான் வைப்பேன்."

அக்கா ரெண்டு பேர் தலையிலும் ஒரு குட்டு வைத்துவிட்டு, அவளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் விடியுமுன் அவர் எழுந்தபோது நானும் எழுந்துவிட்டேன். தேத்தண்ணி கலந்து கொடுத்தேன். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். டிக்கெட் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"மணி, போயிட்டு வாரேன்."

இத்தனை நாளாக அந்த வார்த்தையை முத்தம்மா அக்காதான் விடிந்தபின் எனக்குக் கொண்டுவந்து தருவாள். அன்றைக்கு அது அவர் வாயிலிருந்தே, சூடாக, என் காதில் விழுந்தது. சரி, போயிட்டு வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஹாங்காங்காரர் கேட்ட கேள்விதான் வந்தது. அவர் கேட்டபோது எனக்கு எரிந்த கேள்வி.

"கம்?" என்றேன். "வென்?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். மூவ் இன்சைட் ப்ளீஸ் தவிர வேறு எதுவும் தெரியாத என் புருஷன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"எய்ட் தர்ட்டி. ஐ வில் கம்."